நின்ற பெல்ட்டும் நகரும்

சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து, நியூ ஜெர்சியின் வடக்கே ஆக்டென்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இருக்கும் ஸ்டெர்லிங் ஹில் சுரங்க அருங்காட்சியகத்துக்குச் சென்று வந்தோம். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் வழக்கம்போல் கட்டிக்கொண்டுதான். 1986-ல் மூடப்பட்ட துத்தநாகச் சுரங்கம் அது. வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஏ.சி. போட்டதுபோல் குளிர். புற ஊதா விளக்கைப் போட்டதும் பச்சையும் சிவப்புமாக ஒளிர்ந்த பாறைகளைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர், மகளைப் பார்க்க விருத்தாசலத்திலிருந்து வந்திருந்த பெரியவர். வயது எழுபத்து மூன்று. உள்ளே அவர் ஒளிரும் பாறையை அதிகம் பார்க்கவில்லை. இயந்திரங்களைத்தான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே வந்து மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு சிறுமி அவருடைய இடது கையைப் பார்த்து, "தாத்தா, உங்க விரல் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டாள். அவள் அம்மா கண்ணாலேயே அதட்டினார். பெரியவர் சிரித்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் அவருக்குப் பாதியோடு நிற்கின்றன.

"பெல்ட் சாப்பிட்டுடுச்சு கண்ணு" என்றார்.

அவர் சுரங்கங்களில் முப்பது வருடம் கன்வேயர் பெல்ட் பழுது பார்த்தவர். அறுந்த பெல்ட்டுக்கு ஜாயிண்ட் போடுவதுதான் வேலை. அன்று சாயங்காலம்வரை அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, இந்த இதழ் நலவாழ்வுப் பக்கத்தில் சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பற்றி எழுதுவது என்று தீர்மானித்தோம். 'நாமெல்லாம் கீபோர்டு தட்டுகிறவர்கள், நமக்கும் சுரங்க பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் கேட்கலாம். நெய்வேலியில் படித்தவர்கள் கைதூக்குங்கள் என்று நம் பொங்கல் விழாவில் கேட்டுப் பாருங்கள். அரியலூர், டால்மியாபுரம், சேலம் என்று சேர்த்துக்கொண்டால் இன்னும் பல கைகள் உயரும். அப்பாவோ சித்தப்பாவோ பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று சம்பாதித்த பணத்தில் கல்லூரிக்குப் போனவர்கள் நம்மில் உண்டு.

எடிசன் மலையிலிருந்து நெய்வேலி வரை

இட்லி மாவு வாங்கவும் நகை வாங்கவும் நாம் வாரந்தோறும் போகிற எடிசன் ஊருக்கு யார் பெயர் வைத்தார்கள் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் தாமஸ் ஆல்வா எடிசன் 1890களில் பெரும் பணத்தைக் கொட்டி ஓர் இரும்புத்தாதுச் சுரங்கம் நடத்தினார் என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் போன ஆக்டென்ஸ்பர்க்கை ஒட்டிய ஸ்பார்ட்டா மலையில்தான் அது இருந்தது. பாறையை உடைத்து, பொடியாக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுப்பது அவர் திட்டம். உடைத்த கல்லைச் சுமந்து சென்ற பெல்ட்டுகள் கித்தான் துணியால் ஆனவை. கூர்மையான கல் பட்டுச் சீக்கிரமே கிழிந்தன.

1891-ல் தாமஸ் ராபின்ஸ் என்ற இளைஞர் ரப்பர் விற்க அங்கே போனார். துணி தேய்ந்த வேகத்தில் அதன்மேல் இருந்த மெல்லிய ரப்பர் பூச்சு தேயவில்லை என்பதைக் கவனித்தார். கல் விழும் மேல்பக்கம் கனமான ரப்பர் வைத்து அவர் செய்த பெல்ட்தான் இன்று உலகச் சுரங்கங்களில் ஓடும் பெல்ட்டுகளுக்கு மூதாதை. 1900 பாரிஸ் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. எடிசனின் சுரங்கம் நொடித்துப்போனது. ராபின்ஸின் பெல்ட் பிழைத்துக்கொண்டது.

பே ஏரியா வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஷாஸ்டா அணை கட்டும்போது ரெட்டிங் ஊரிலிருந்து மணலும் ஜல்லியும் கொண்டுவர 9.6 மைல் நீளத்துக்குக் கன்வேயர் போட்டார்கள். அந்த அணைக்குச் சிமெண்ட் கொடுக்க ஹென்றி கைசர் 1939-ல் தொடங்கிய ஆலை, கூப்பர்டினோ மலையடிவாரத்தில் பெர்மனென்ட்டே ஓடையை ஒட்டி இருந்தது. உங்கள் பர்ஸில் இருக்கும் கைசர் பெர்மனென்ட்டே மருத்துவ அட்டையின் பெயர் அந்த ஓடையிலிருந்து வந்ததுதான். கைசரோடு சேர்ந்து அத்திட்டத்தை உருவாக்கிய டாக்டர் சிட்னி கார்ஃபீல்டு, அதற்கு முன்னரே 1933-ல் தென் கலிபோர்னியப் பாலைவனத்தில் கால்வாய்த் தொழிலாளர்களுக்கு நாளுக்குச் சில காசுகள் முன்கட்டணத்தில் வைத்தியம் பார்த்தவர். வேலையிடத்துக் காயத்துக்கு மருந்து கட்டப்போய் வளர்ந்த காப்பீடு என்று சொல்லலாம்.

டெக்சாஸில் ராக்டேல், ஃபேர்ஃபீல்டு பக்கம் வெட்டி எடுத்ததும் நெய்வேலியில் இருப்பதுபோன்ற பழுப்பு நிலக்கரிதான். அங்கே அதை எரித்த பெரிய மின் நிலையங்கள் 2018-ல் மூடப்பட்டன. நெய்வேலியில் இன்றும் வெட்டுகிறார்கள்.

நெய்வேலியின் கதை நம்மவர்களுக்குப் பாடம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய துகள்கள் வந்தன. 1956-ல் நிறுவனம், 1957 மே 20-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்க வெட்டு, 1961 ஆகஸ்டில் முதல் கரி. மேலே கிடக்கும் கடலூர் மணற்பாறை கடினமானது, அரம்போல் உராய்வது. மழைக்காலத்தில் களிமண் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ராட்சதச் சக்கர வாளி இயந்திரங்கள் தோண்டிப் போடும் இந்த மண்ணும் கரியும் ஆள் உயரத்தைவிட அகலமான பெல்ட்டுகளில் இரவு பகலாக ஓடுகின்றன. பெல்ட் கிழியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிழிந்தால் சுரங்கத்தின் அந்தப் பகுதியே நிற்கும். மேலதிகாரி மணிக்கொருமுறை கேட்பார், 'இன்னும் எவ்வளவு நேரம்?'

ஆபத்து பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

பஞ்சர் கடைப் பாடம்

பெல்ட் ஜாயிண்ட் என்றால் என்ன என்று புரிய, ஊரில் நாம் சைக்கிள் பஞ்சர் ஒட்டிய நாட்களை நினைத்துக்கொண்டால் போதும். டியூபை உப்புத்தாளால் தேய்ப்பார், சொல்யூசன் தடவுவார், ஊதி ஊதிக் காயவைப்பார், ரப்பர் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டுவார். சுரங்கத்தில் பசை போட்டு ஒட்டும் ஜாயிண்ட்டும் இதுவேதான், அளவுதான் வேறு. பெல்ட்டுக்குள் இருக்கும் துணி அடுக்குகளைப் படிக்கட்டுபோல் வெட்டி, இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி ஒட்டுவார்கள். அவசரத்துக்கு இரும்புக் கிளிப் அடித்து இணைப்பதும் உண்டு.

பெரிய சுரங்கங்களின் பெல்ட்டுகளுக்குள் துணிக்குப் பதில் எஃகுக் கம்பி வடங்கள் ஓடும். அவற்றை இணைக்க நெடுஞ்சாலையோர வல்கனைசிங் கடையின் வித்தை வேண்டும். இரு முனைகளிலும் ரப்பரை உரித்துக் கம்பிகளை வெளியே எடுத்து, கைவிரல்களைக் கோப்பதுபோல் ஒரு பக்கத்துக் கம்பியை மறுபக்கத்துக் கம்பிகளின் இடையில் வரிசையாகப் படுக்கவைத்து, பச்சை ரப்பரை நிரப்பி, மேலும் கீழும் சூடான பலகைகளை வைத்து அழுத்துவார்கள். சூடு சுமார் 145 டிகிரி செல்சியஸ். அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டோ அதற்கு மேலோ. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள பலகைக்கு இதைக் கணக்குப் போட்டால் 140 டன்னைத் தொடும். ஏறக்குறைய இருபத்தெட்டு கோயில் யானைகள். இந்த அழுத்தத்தைக் கொடுப்பது ஒரு தட்டையான ரப்பர் பை. அதில் நீரோ காற்றோ ஏற்றுவார்கள். பை வெடித்தாலோ, பலகைகளை இறுக்கிய போல்ட் தெறித்தாலோ பக்கத்தில் நிற்பவர் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அழுத்தம் இருக்கும்போது பலகைமேல் ஏறி நிற்காதே, சூடு ஆறாமல் அழுத்தத்தை இறக்காதே என்பது முதல்நாள் பாடம்.

"கல்யாண வீட்டுல சாம்பார் அண்டாவை இறக்குற மாதிரி தம்பி, அவசரப்பட்டா எல்லாம் போச்சு" என்றார் பெரியவர்.

ஒரு சாண்

அவருடைய விரல் போன கதைக்கு வருவோம். ஆண்டு 1983. வட மாநிலம் ஒன்றில் ஒரு திறந்தவெளிச் சுரங்கம். எந்தச் சுரங்கம் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், நாங்களும் எழுதவில்லை. மேட்டில் ஏறும் பெல்ட். நடுவில் கிழிசல் விட்டுவிட்டது. பெல்ட் முழுக்கத் தாது நிறைந்திருந்தது. மோட்டாரை நிறுத்தினார். அதோடு விடவில்லை, ஃப்யூஸ் கேரியரையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய ஜாக்கிரதை.

வேலை தொடங்கும் முன் கீழே ஒரு ரோலருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்கியிருந்த கல்லை எடுக்கக் கையை விட்டார். பெல்ட் நகர்ந்தது. மேட்டில் ஏறி நின்ற பாரம் பின்னோக்கி இழுத்திருக்கிறது. சரிந்துவிடாமல் பிடிக்க வேண்டிய பிரேக் தேய்ந்து கிடந்திருக்கிறது.

"ஒரு சாண்தான் நகர்ந்துச்சு. ஃப்யூஸ் என் பையிலதான் இருக்கு. கரண்ட்டைத்தான் நிறுத்தினேன், பாரத்தை நிறுத்தலை."

நின்றுபோன பெல்ட் கட்டிப்போடாத மாடு மாதிரி. சும்மாதான் நிற்கிறது என்று பக்கத்தில் போக முடியாது. ஒரு நீளமான பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்க, கிணற்று வாளியில் கல் கட்டித் தொங்கவிட்டதுபோல் பல டன் எடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். மோட்டார் நின்றாலும் அந்த எடை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்த நிலையில் பெல்ட்டைக் கத்தியால் அறுத்தால் வெட்டுப்பட்ட முனை சாட்டைபோல் பறக்கும். ஆகவே அறுக்கும் முன்பு அந்த எடையைத் தூக்கிச் சங்கிலியால் கட்ட வேண்டும் அல்லது தரையில் இறக்கிவைக்க வேண்டும். வெட்டும் இடத்துக்கு இருபுறமும் பெல்ட்டைக் கிளாம்ப் போட்டு அசையாத இரும்புச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். சரிவில் இருந்தால், முடிந்தவரை பாரத்தை இறக்கிவிட வேண்டும். இத்தனையும் செய்த பிறகு ஸ்விட்சை ஒருமுறை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று கண்ணால் கண்டால்தான் கை வைக்கலாம்.

அமெரிக்காவில் சுரங்கங்களைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான எம்ஷாவின் விதி இதை ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, இயந்திரம் நகராதபடி தடுத்த பிறகுதான் பழுது பார்க்கலாம். 'நிறுத்தி' என்பதோடு நிற்காமல் 'தடுத்து' என்றும் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள். அந்த இரண்டாவது சொல் பெரியவரின் இரண்டு விரல்களுக்கு விலை. ஸ்விட்ச் இருக்கும் இடத்திலிருந்து பெல்ட் முழுவதும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் மணியோ விளக்கோ கொண்டு எச்சரித்த பிறகே ஓட்ட வேண்டும். எச்சரித்து 30 வினாடிக்குள் ஓட்டவில்லை என்றால் மறுபடி எச்சரிக்க வேண்டும் என்றும் விதி உண்டு. 2018-ல் எம்ஷா மூன்று ஆபத்துகளைத் தனியாக எடுத்துக்கொண்டு பிரசாரம் தொடங்கியது. ராட்சத லாரிகள் சிறு வண்டிகளின்மேல் ஏறிவிடுவது, சீட் பெல்ட் போடாதது, மூன்றாவது கன்வேயர் பெல்ட்.

ஓடும் பெல்ட்டில் கை சிக்கினால் இழுத்துக்கொள்ளலாமே என்று நினைக்கத் தோன்றும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் பெல்ட், நாம் சுதாரிக்கிற அரை வினாடியில் இரண்டரை மீட்டர் போயிருக்கும். ஒரு மனிதக் கையின் நீளம் முக்கால் மீட்டர்கூட இல்லை.

பூட்டு யாருடையது?

பழுது பார்க்கும் இடத்தில் ஆளுக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு சாவி, சாவி அவரவர் பையில் என்பதே முறை. ஸ்விட்ச் பெட்டியில் எட்டுப் பேர் எட்டுப் பூட்டுப் போட்டிருந்தால், எட்டாவது ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் திறக்கும்வரை மோட்டார் ஓடாது. அமெரிக்காவில் சுரங்கத்துக்கு வெளியே உள்ள ஆலைகளுக்கும் 1989-ல் இதை விதியாக்கினார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் நடப்பது வேறு. மேஸ்திரி ஒரு பூட்டுப் போடுவார், அது எல்லோருக்கும் சேர்த்து என்பார். இரவு ஷிப்ட் மாறும்போது சாவி கைமாறும். 'உள்ளே யாரும் இல்லையே?' என்று ஒருவர் கத்த, இயந்திரச் சத்தத்தில் பதில் கேட்காமல் போகும். ஒப்பந்தத் தொழிலாளருக்கோ பூட்டே கிடையாது. வந்து இரண்டு நாள் ஆன பையனுக்கு எதற்குப் பூட்டு என்பார்கள்.

நம் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு, வெட்கப்படாமல் ஒப்புக்கொள்வோம். 'இத்தனை வருஷமா இப்படித்தான் செய்யறோம், ஒண்ணும் ஆகலை' என்பது. பூட்டைக் கேட்பவன் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுகிறான். அமெரிக்கச் சுரங்கச் சட்டம் 1977-ல் வந்தபோது, ஆபத்தைச் சுட்டிக்காட்டிய தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்று தனிப் பிரிவே வைத்தார்கள். சட்டம் இருந்தாலும் வாய் திறக்கத் தைரியம் வேண்டும் என்பது எந்த ஊருக்கும் பொது.

மூக்கு, நரம்பு, வெயில்

பூட்டைப் பற்றியாவது பேசுகிறார்கள். பசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜாயிண்ட் ஒட்டும் பசைகளில் பல ஆண்டுகளாகப் புழங்கிய கரைப்பான்களில் ஒன்று டிரைகுளோரோஎத்திலீன். புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்திய பொருள் அது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் அதைத் தடைசெய்யும் விதியை வெளியிட்டது. ஹெக்ஸேன் கலந்த பசைகளும் உண்டு. அது கால், கை நரம்புகளைத் தாக்கும். 1999-2000-ல் கலிபோர்னியாவில் கார் மெக்கானிக்குகள் சிலருக்குக் கால் மரத்து, நடை தளர்ந்தது. பிரேக் சுத்தம் செய்ய அவர்கள் தெளித்த திரவத்தில் இருந்த ஹெக்ஸேன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

பெல்ட் ஒட்டுகிறவர் பெரும்பாலும் குனிந்து, முகத்தைப் பசைக்கு ஒரு முழம் அருகே வைத்துத்தான் வேலை செய்கிறார். மழைக்காகவோ தூசிக்காகவோ மேலே தார்ப்பாய் கட்டியிருப்பார்கள், ஆவி வெளியே போகாது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. கைக்குட்டை தூசியையே அரைகுறையாகத்தான் தடுக்கும். ஆவியைத் தடுக்கவே தடுக்காது. இந்த ஆவிக்கென்று செய்த கரி வடிகட்டி உள்ள முகமூடியும், பசை உள்ளே ஊறாத கையுறையும் வேண்டும். கையில் ஒட்டிய பசையைக் கழுவ அதே கரைப்பானை ஊற்றித் தேய்ப்பது இன்னும் மோசம். ஊரில் இந்த வேலை பார்த்த உறவினருக்குப் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்றால், சர்க்கரை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். என்ன வேலை பார்த்தார், எந்தப் பசை என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

வெயில் இன்னொன்று. கத்திரி வெயிலில் நெய்வேலிப் பள்ளத்துக்குள்ளும் ஆகஸ்டில் சான் ஆன்டோனியோ பக்கத்துக் கல் குவாரிகளிலும் நிழல் என்பதே கிடையாது. பக்கத்தில் 145 டிகிரிப் பலகை வேறு. வியர்வை நின்று, பேச்சு குழறினால் அது களைப்பு என்று எண்ணி உட்காரவைக்கக் கூடாது. அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வியர்த்துக்கொண்டே இருப்பவருக்கும் வெப்பத் தாக்கு வரலாம், புத்தி தடுமாறுவதுதான் முக்கிய அடையாளம்.

ஜாயிண்ட் கோணலாக விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் பெரியவர் சொன்னார். பெல்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், இரும்புச் சட்டத்தில் உரசும், சூடேறும். 2006 ஜனவரி 19 அன்று மேற்கு வர்ஜீனியாவின் அரகோமா ஆல்மா நிலக்கரிச் சுரங்கத்தில் சரியான தடத்தில் ஓடாத பெல்ட் உராய்ந்து தீப்பிடித்தது. அங்கே காரணம் ஜாயிண்ட் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் உராய்வு உராய்வுதான். புகை நிலத்தடிப் பாதைக்குள் புகுந்து இரண்டு தொழிலாளிகள் வழி தெரியாமல் இறந்தார்கள். அதன் பின்விளைவாக, நிலத்தடி நிலக்கரிச் சுரங்க பெல்ட்டுகள் எளிதில் தீப்பற்றாதவையாக இருக்க வேண்டும் என்ற கடுமையான விதி 2008 கடைசியில் வந்தது.

கை சிக்கினால்

இது சுரங்கத்துக்கு மட்டுமல்ல. நம் பிள்ளைகள் கோடையில் வேலைக்குப் போகும் கிடங்குகளிலும், விமான நிலையப் பெட்டி பெல்ட்டிலும் இதே கதைதான்.

முதலில் நிறுத்துங்கள். பெல்ட் ஓரமாக ஓடும் சிவப்புக் கயிறோ சிவப்புப் பொத்தானோ எதுவானாலும் இழுங்கள், அழுத்துங்கள். பிறகு பெல்ட்டைப் பின்பக்கம் ஓட்டி ஆளை எடுக்கப் பார்க்காதீர்கள். அது காயத்தை இரட்டிப்பாக்கும். ஆளைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். 911-ஐ அழையுங்கள், தமிழ்நாட்டில் என்றால் 108.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் காயத்தின்மேல் நேரடியாக, விடாமல் அழுத்துங்கள். கை, காலில் அப்படியும் நிற்காவிட்டால் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே டூர்னிக்கே கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். கயிறு, கம்பி ஆகாது, அகலமான பட்டை வேண்டும். 'ஸ்டாப் தி பிளீட்' என்று 2015 முதல் அமெரிக்காவெங்கும் நடக்கும் குறும்பயிற்சியில் இதைக் கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆகும்.

விரல் துண்டானால் அதை நேராக ஐஸில் போடுவது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஐஸ் பட்ட சதை உறைந்து கெட்டுவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து ஆளோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பெரியவரின் விரல்களை யாரோ அக்கறையாகப் பனிக்கட்டிக்குள் புதைத்துத்தான் கொண்டுபோனார்களாம்.

தோல் கிழியாமல் நசுங்கிய காயத்தை 'ஒண்ணுமில்லை, வீக்கம்தான்' என்று விடக்கூடாது. உள்ளே தசை வீங்கி ரத்த ஓட்டத்தை அடைக்கலாம். வலி நேரம் ஆக ஆக ஏறுவது, விரலை நீட்டினால் உயிர்போவது, மரத்துப்போவது ஆகியவை அதன் அடையாளம். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் கை மிஞ்சும். காலோ தொடையோ ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்கிக் கிடந்தால், விடுவித்தவுடன் தசையிலிருந்து கசியும் பொருட்கள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும். அப்படிப்பட்டவரை மருத்துவக் குழு வந்து பார்த்துத்தான் விடுவிக்க வேண்டும்.

நம் வீட்டு பேஸ்மென்ட்டிலும் ஒரு கன்வேயர் பெல்ட் உண்டு. பாதி நாள் துணி காயப்போடவும் மீதி நாள் புத்தாண்டுச் சபதத்துக்கும் பயன்படும் டிரெட்மில்தான் அது. 2021 மே மாதம் பெலோட்டன் நிறுவனம் சுமார் 1,25,000 டிரெட் பிளஸ் இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று பின்பக்கம் இழுக்கப்பட்டு இறந்திருந்தது. ஓடி முடித்ததும் பாதுகாப்புச் சாவியை எடுத்து உயரத்தில் வையுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள். பின்பக்கம் ஆறடி காலியாக இருக்கட்டும். குட்டிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த அறைக்கதவு பூட்டியே இருக்கட்டும்.

பெரியவர் அக்டோபரில் ஊருக்குத் திரும்பினார். கிளம்புவதற்கு முதல்வாரம் மகளிடம் ஒரே ஒரு கடைக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். ஹோம் டிப்போவில் அரை மணி நேரம் நின்று, சிவப்பு நிறப் பூட்டுகள் ஆறு வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சாவிதானா என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டாராம். தங்கை மகன் ஒருவன் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒப்பந்தத்துக்கு ஜாயிண்ட் போடுகிறான். அவன் குழுவில் மொத்தம் ஆறு பேர். சாக்லேட்டுக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் நடுவில் பூட்டுகள் போனதில் பெட்டி எடை கூடிவிட்டது. விமான நிலையத்தில் இரண்டு சாக்லேட் பைகளை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.